ஜெராக்ஸ் கடையில் ஆதாரை விட்டுவிட்டு வராதீர்கள்

தாலுகா ஆபீஸ் எதிரே பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். வருமானச் சான்று, பட்டா, முதியோர் உதவித்தொகை என எதற்கு வந்தாலும் முதலில் கேட்பது ஆதார்தான். வேலை முடிந்ததும் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்; ஆதார் என் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. கடைக்காரன் நல்லவனாகவே இருக்கட்டும். அடுத்து அதே நாற்காலியில் உட்காரப்போவது யாரென்று அவனுக்கும் தெரியாதே!

ஆதாரை டவுன்லோட் செய்தால், வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு டெலிட் அழுத்த வேண்டும். வெறும் டெலிட் என்றால் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். இன்காக்னிட்டோவில் திறந்தோமே என்று இருந்துவிடாதீர்கள். அது பார்த்த தளங்களை மறக்குமே தவிர, இறக்கிய ஃபைலைத் தொடாது. பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள் சிலர். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பிறந்த வருஷம், அவ்வளவுதான். தெருக்காரர்கள் யாரும் திறந்துவிடுவார்கள்.

கடை கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப்பை இணைத்திருந்தால், போனில் லிங்க்டு டிவைசஸ் போய் லாக் அவுட் கொடுங்கள். பிரவுசரை மூடினால் மட்டும் போதாது. கடை நம்பருக்கு அனுப்பியிருந்தால் எல்லோருக்கும் டெலிட் கொடுக்கலாம். ஆனால் கம்ப்யூட்டரில் இறக்கிய நகல் அதனால் போகாது. அதையும் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளும் கடைக்காரரிடம் அடுத்த முறை போகாதீர்கள்.

அப்புறம் கோணலாக விழுந்த ஜெராக்ஸ். அதைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். பல கடைகளில் அதன் பின்பக்கத்தில்தான் கணக்கு எழுதுகிறோம்.

லாட்ஜில் ரூம் போட முழு எண் எதற்கு? மைஆதார் தளத்தில் டவுன்லோட் செய்யும்போது மாஸ்க்டு ஆதார் வேண்டுமா என்று ஒரு கட்டம் வரும். டிக் செய்தால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும். நகல் கொடுக்காதீர்கள், இந்த மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்றுதான் 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு ஆபீஸ் அறிவித்தது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று இரண்டு நாளில் அறிவிப்பு வாபஸ் ஆனது. வசதி இன்றும் இருக்கிறது.

அதே தளத்தில் கைரேகையைப் பூட்டிவைக்கும் பயோமெட்ரிக் லாக்கும் உண்டு. ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் பேங்க் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும், ஓடிபி கூடத் தேவையில்லை. பத்திரத்தில் வைத்த ரேகையைப் படியெடுத்து மோசடி செய்த வழக்குகள் உண்டு. பூட்டிவிட்டால் ரேகை செல்லாது. ஒரே சிக்கல், ரேஷன் கடையிலும் செல்லாது. அரிசி வாங்கப் போகும் முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள். ஓடிபி வரும் என்பதால் ஆதாரில் பதிந்த போன் கையில் இருக்க வேண்டும்.

பணம் போய்விட்டால் என் கடைக்கு ஓடி வந்து மனு டைப் செய்யச் சொல்கிறார்கள். மனு அப்புறம். முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் போடுங்கள்; பணம் கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்பு அங்கேதான்.