அழைப்பிதழில் ‘ஆர்.எஸ்.வி.பி.’ போடுவது எப்படி

வேலூர்ப் பக்கம் திருமண வரவேற்புக்கு ஆங்கிலத்திலும் அழைப்பிதழ் அச்சிடுவோர் பலர், அதன் கீழ் மூலையில் ‘ஆர்.எஸ்.வி.பி.’ என்று போட்டு, அடியில் சித்தப்பா, மாமா பெயர்களை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். தமிழ் அழைப்பிதழில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதன் கீழ் உறவினர் பெயர்களைக் கண்டு பழகியவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அந்த நான்கு எழுத்துகளும் ‘ரெப்போந்தே சில் வூ ப்ளே’ என்னும் பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துகள். ‘ரெப்போந்தே’ என்றால் ‘பதில் கூறுங்கள்’. எஞ்சிய பகுதி ‘தயவுசெய்து’ என்று பொருள்படும் என்றாலும், சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘தங்களுக்கு விருப்பமானால்’ என்றே வரும். அதிலுள்ள ‘வூ’, நம் ‘நீங்கள்’ போல ஒருவரையும் பலரையும் மரியாதையாகச் சுட்டுவது. பணிவு தொடருக்குள்ளேயே இருப்பதால், ‘ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.’ என்று எழுதுவது ‘நடு சென்டர்’ என்பதைப் போன்றதே.

எனவே அதன் கீழ் வர வேண்டியவை, பதிலைக் குறித்துக்கொள்ளப்போகும் ஒருவரின் பெயர், அவருடைய கைப்பேசி எண், எந்தத் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது, இவ்வளவே. ஆம்பூர்ப் பிரியாணிக்கு ஏற்பாடு செய்திருந்தால், எத்தனை கிலோ அரிசி போடுவது என்று சமையல்காரர் எப்போது கேட்பார் என விசாரித்து, அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே கெடு வைப்பது நல்லது. வர இயலாதவர் மட்டும் சொன்னால் போதுமென்றால் ‘ரிக்ரெட்ஸ் ஒன்லி’ என்று போடலாம். தமிழ் அழைப்பிதழிலோ, ‘தங்கள் வருகையை இத்தேதிக்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்’ என்று எழுதிவிட்டால் பிரெஞ்சுக்கு வேலையே இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் கொடுக்கும் முகூர்த்தப் பத்திரிகையில் இதை அறவே தவிர்த்துவிடலாம் என்பது என் எண்ணம். அங்கே எண்ணிக்கை கேட்பது அழைப்பின் அழகைக் கெடுக்கும்.

அழைப்பைப் பெற்றவருக்கும் கடமை உண்டு. நல்ல காரியத்துக்கு ‘வரவில்லை’ என்று சொல்லத் தயங்கி, ‘பார்க்கலாம்’ என்று இழுப்பது நம் வழக்கம். அந்தப் பதிலை வைத்து உலையேற்ற முடியாது. வருவதானால் எத்தனை பேர் என்று சொல்லுங்கள், இயலாவிட்டால், ‘மணமக்களுக்கு எங்கள் வாழ்த்துகள், அன்று வர இயலவில்லை, பிறகு வீட்டுக்கே வந்து பார்க்கிறோம்’ என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.