பினாங்கில் இறங்க வலது ஜன்னல்

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் பறக்கிறீர்களா? வலது பக்க ஜன்னல் இருக்கையை எடுங்கள். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஓடுபாதை ஒன்றுதான். தெற்கிலிருந்து இறங்கினால் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் வலப்புறம் தெரியும். வடக்கிலிருந்து வந்தால் ஜார்ஜ்டவுன், அப்புறம் 1985இல் திறந்த முதல் பாலம். எனக்கு மிகவும் பிடித்த விமான நிலையம் இதுதான்.

குறுக்கே காற்று அடித்தால் விமானத்தின் மூக்கு ஓடுபாதைக்குச் சற்றுக் கோணலாகவே வரும். பயப்பட வேண்டாம். தரையைத் தொடும் நேரத்தில் விமானி வாலிலுள்ள சுக்கானைக் கால்மிதியால் திருப்பி நேராக்குவார். அந்த ஒரு நொடி உடம்பு சிலிர்த்துவிடும். மழையில் சக்கரம் ‘தொம்’மென்று விழுந்தால் விமானியைத் திட்டாதீர்கள். ஈரத்தில் வழுக்காமலிருக்க வேண்டுமென்றே அப்படி இறக்குவார்கள். குலுக்கல் ஒத்துக்கொள்ளாத பாட்டி உடன் வந்தால் இறக்கைக்கு அருகே இடம் பிடியுங்கள், காலை விமானமாகப் பாருங்கள். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான்.