தெருவுக்கு 30: வேக வரம்பை முறையாக வைப்பது எப்படி

பள்ளிக்கூடம் இருக்கும் தெருவில் மணிக்கு 30 கி.மீ.தான் போகலாம் என்று சொல்லும் ‘30’ பலகை ஒன்றை நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று பல ஊர்களில் நினைக்கிறார்கள். அரசிதழ் அறிவிக்கை இல்லாத பலகை வெறும் தகரம்தான். அதைக் காட்டிப் போட்ட அபராதம் வழக்கில் நிற்காது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 112 இதற்கு அடிப்படை. 2018 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்த உச்ச வரம்பு நகராட்சிச் சாலைகளில் காருக்கு 70, பஸ், லாரி, பைக்குக்கு 60, ஆட்டோவுக்கு 50 கி.மீ. இது மேல் எல்லை மட்டுமே. பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ, சாலை அல்லது பாலத்தின் தன்மை கருதியோ மாநில அரசும், அது அதிகாரம் கொடுத்த அமைப்பும் இதைக் குறைக்கலாம். அதற்கு அரசிதழ் அறிவிக்கையும் வேண்டும், இடத்தில் பலகையும் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடு என்றால் மட்டும் அரசிதழ் தேவையில்லை. தேர்த் திருவிழாவுக்கும் பால வேலைக்கும் இது கைகொடுக்கும்.

ஆக, நகராட்சி தன் தீர்மானத்தால் மட்டும் வரம்பு வைக்க முடியாது. அதன் வேலை ஆதாரம் திரட்டுவது, பரிந்துரைப்பது, தெருவை அதற்கேற்ப மாற்றுவது.

முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள். ஊருக்குள் ஓடுகிற சாலை என்பதாலேயே அது நகராட்சிச் சாலை ஆகிவிடாது. மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ தேசிய நெடுஞ்சாலையாகவோ இருந்தால் அவர்கள் சம்மதம் இல்லாமல் கம்பம்கூட ஊன்றக் கூடாது. மனுக்கள் மாதக்கணக்கில் சுற்றி வருவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்து வேகத்தை அளக்க வேண்டும். ரேடார் கருவி இல்லையென்றாலும் ஸ்டாப்வாட்ச் போதும். சாலையோரம் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். வண்டியின் முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது அழுத்தி, இரண்டாவதைத் தொடும்போது நிறுத்துங்கள். 108-ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் வேகம் வந்துவிடும்: 3.6 வினாடி என்றால் 30 கி.மீ., 2.7 என்றால் 40. குறைந்தது 100 வண்டிகள் வேண்டும். காலை நெரிசலில் அளக்காதீர்கள். அப்போது எல்லாரும் ஊர்ந்துதான் போவார்கள், கணக்கு பொய்யாகிவிடும். முன்னால் வண்டி இல்லாமல் தன் இஷ்டத்துக்குப் போகிறவர்களை மட்டும் எடுங்கள். அளப்பவர் கண்ணில் படவும் கூடாது: காக்கிச் சட்டையைப் பார்த்தால் பிரேக் பிடிப்பார்கள்.

நூறு வேகத்தையும் ஏறுவரிசையில் எழுதி 85-ஆவது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நூற்றில் 85 வண்டிகள் இதைத் தாண்டுவதில்லை என்று பொருள். பொறியாளர்கள் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஆனால் அதையே வரம்பாக வைப்பது ஊர்த் தெருவுக்குப் பொருந்தாது. அது ஓட்டுபவரின் விருப்பத்தைச் சொல்கிறதே தவிர, குறுக்கே ஓடிவரும் குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லாது. சாலைகளுக்கான தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கில், ஓட்டுபவர் கண்ணில் பட்டதிலிருந்து வண்டி நிற்பதற்கு 30 கி.மீ. வேகத்தில் 30 மீட்டர் தேவை. 40-இல் 45, 50-இல் 60, 60-இல் 80. தெருவில் நின்று பாருங்கள்: நிறுத்திவைத்த வேன்களுக்கு இடையே எத்தனை மீட்டர் தெரிகிறது? நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் 30 போதும் என்பதே சாலைப் பாதுகாப்புக்கான உலக மாநாட்டில் வெளியான 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம். சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்து போலீஸ் குடியிருப்புத் தெருக்களுக்கு வைத்ததும் 30தான்.

வேக அட்டவணை, கடந்த 3 ஆண்டு விபத்துகளின் எஃப்.ஐ.ஆர். விவரம், பள்ளி, ஆஸ்பத்திரி, சந்துகளைக் குறித்த வரைபடம் இவற்றை மன்றத் தீர்மானத்தோடு கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புங்கள். தெருவின் தொடக்கமும் முடிவும் கதவு எண்ணோடு இருக்கட்டும். ‘பஜார் பகுதி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அறிவிக்கை குழப்பத்தில் முடியும்.

அறிவிக்கை வந்த பிறகு பலகை. வட்டம், சிவப்பு விளிம்பு, வெள்ளைப் பின்னணி, கறுப்பு எண். தெருவின் இரு முனையில் மட்டும் நட்டால் சந்திலிருந்து வருபவருக்குத் தெரியாது. நுழைகிற வாய் ஒவ்வொன்றிலும் வேண்டும். வேப்பங்கிளையும் கல்யாண ஃபிளெக்ஸும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

85-ஆவது எண் 48 இருக்கும் தெருவில் பலகை மட்டும் எதையும் மாற்றாது. வேகத்தடை வேண்டும், ஆனால் சரியான அளவில்: வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 செ.மீ., 17 மீட்டர் ஆரத்தில் வளைவு, ஒன்றுக்கொன்று 100 முதல் 120 மீட்டர் இடைவெளி, 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை. மிச்சத் தாரைக் குவித்து இரண்டடி அகலத்தில் எழுப்புகிற மேடு ஸ்கூட்டரின் அடியைத் தட்டும், பின்னால் உட்கார்ந்தவரைத் தூக்கிப்போடும், ஆம்புலன்ஸில் இருப்பவரை வதைக்கும். கோடு பெயிண்ட் அழிந்தால் இரவில் அதுவே விபத்துக்குக் காரணமாகும்.

அபராதம் கடைசி. ‘வேகமாகப் போனதுபோல் தெரிந்தது’ என்று ஒரு காவலர் மட்டும் சொன்னால் தண்டிக்க முடியாது. கருவி அளந்திருக்க வேண்டும் என்கிறது பிரிவு 183. இலகு வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வாகனத்துக்கு 2,000 முதல் 4,000.

இரண்டு மாதம் கழித்து அதே கோடுகளில், அதே நேரத்தில், இன்னொரு 100 வண்டியை அளங்கள். 85-ஆவது எண் இன்னும் 40-ஐத் தாண்டினால் வரம்பை மாற்றாதீர்கள். எந்த இடத்தில் வேகம் எடுக்கிறார்கள் என்று பார்த்து அங்கே தெருவைக் குறுக்குங்கள்.