அருண் கேத்தர்பாலின் கதையை வகுப்பில் சொல்வது எப்படி?

1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் இறந்த இளம் இந்திய ராணுவ அதிகாரி அவர். டாங்கியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் வருஷம் நான் அப்படித்தான் செய்தேன். எட்டாம் வகுப்புப் பையன்கள் வாயாலேயே குண்டு வெடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பலகையில் மூன்று தேதிகளை எழுதுங்கள். புனேயில் பிறந்தது 14 அக்டோபர் 1950. பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவில் அதிகாரியானது 13 ஜூன் 1971. இறந்தது 16 டிசம்பர் 1971. கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகாரியாக இருந்தது ஆறு மாதம், மூன்று நாள். இறந்தபோது வயது இருபத்தொன்று. "எங்க அண்ணன் வயசு சார்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள்.

அப்புறம் பெட்டி. போருக்குக் கிளம்பியவர் கோல்ஃப் மட்டைகளையும் எடுத்துக்கொண்டார், லாகூரில் ஆடலாம் என்று. பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அவர் இறந்த பசந்தர் சண்டைக்கு ஒரு வரைபடம் போதும். 'ஃபமகுஸ்தா' என்ற அவருடைய டாங்கி தீப்பிடித்தது. வெளியே வரும்படி வயர்லெஸ்ஸில் உத்தரவு. என் டாங்கியின் பீரங்கி இன்னும் சுடுகிறது, வரமாட்டேன் என்றார். இதை உரக்கச் சொல்லாதீர்கள், மெதுவாகச் சொன்னால்தான் வகுப்பு அடங்கும். அன்றைக்குத்தான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது என்பதையும், அவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த போர் வீர விருதான பரம் வீர் சக்ராவையும் ஒரே வரியில் முடித்துவிடலாம்.

அருணின் அப்பாவுக்கு நேரம் ஒதுக்குங்கள். 2001இல் பாகிஸ்தான் போன அவரை வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர், முன்னாள் ராணுவ அதிகாரி நாசர். உங்கள் மகனைச் சுட்டது நான்தான் என்று அவரே சொன்னார்.

இதற்கு மேல் எதுவும் சேர்க்காதீர்கள். கேள்விகளை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.