கடலில் பிள்ளை, காரைக்குடியில் வீடு: செயற்கைக்கோள் கருவியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வேலை பார்க்கும் செட்டிநாட்டுப் பிள்ளைகள் சிலருக்குப் பாய்மரப் படகில் ஆர்வம் வந்திருக்கிறது. புக்கெட்டிலிருந்தோ லங்காவியிலிருந்தோ வங்கக் கடலைக் கடந்து இலங்கையின் காலித் துறைக்கு வருவது ஆயிரம் கடல் மைலுக்கு மேற்பட்ட பயணம். காற்று ஒத்துழைத்தாலே எட்டு, பத்து நாள் ஆகும். அந்த நாட்களில் கைபேசி வெறும் கேமராதான். அதனால் உள்ளங்கையில் அடங்கும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஒன்றை வாங்கிக்கொள்கிறார்கள். கார்மின் இன்ரீச், சோலியோ போன்றவை இரிடியம் என்ற நிறுவனத்தின் 66 செயற்கைக்கோள்கள் வழியாக நடுக்கடலிலிருந்தும் குறுஞ்செய்தி அனுப்பும். உயிருக்கு ஆபத்து என்றால் எஸ்.ஓ.எஸ். பொத்தான் இருக்கிறது. கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது அனுப்பும் செய்தி வந்து சேர வேண்டிய வீடு தயாராக இல்லை என்பதுதான் எனக்குத் தீராத கவலை.

பதிவுப் படிவத்தில் ‘அவசரத் தொடர்பு’ என்ற கட்டம் வரும். யோசிக்காமல் ஊரில் இருக்கும் ஆத்தாவின் எண்ணை எழுதிவிடுகிறார்கள். இன்ரீச்சில் பொத்தானை அழுத்தினால் செய்தி போய்ச் சேருவது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மான்ட்கோமரி என்ற ஊரில் இரவுபகலாக இயங்கும் ஒரு மையத்துக்கு. அந்தக் கடற்பகுதிக்குப் பொறுப்பான மீட்பு அமைப்புக்கு அவர்கள் தகவல் சொல்வார்கள். அவசரத் தொடர்பு எண்ணையும் கூப்பிடுவார்கள். காரைக்குடியில் நள்ளிரவு. +1 என்று தொடங்கும் எண். வெளிநாட்டு எண்ணை எடுக்காதீர்கள், டிஜிட்டல் கைது மோசடியாக இருக்கும் என்று அந்தப் பிள்ளையே சொல்லி வைத்திருப்பான். எடுத்தாலும், படகு என்ன நிறம், எத்தனை பேர் இருக்கிறார்கள், உயிர்காப்பு மிதவை உண்டா என்று ஆங்கிலத்தில் அடுக்கினால் ஆத்தா என்ன பதில் சொல்வார்கள்?

ஆங்கிலத்தில் தயங்காமல் பேசக்கூடிய இரண்டு பேரைக் கொடுங்கள். ஒருவர் வேறு நேர மண்டலத்தில் இருப்பது நல்லது. ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருப்பார். வீட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கட்டும்: படகின் பெயர், எந்த நாட்டுக் கொடி, நீளம், நிறம், உள்ளவர்களின் பெயர், யாருக்கு என்ன மருந்து, புறப்பட்ட துறை, சேரும் துறை, சேர வேண்டிய நாள். புறப்படும் முன் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அப்பச்சியுடனோ தம்பியுடனோ ஒரு முறை பேசிப் பார்த்தால் விடுபட்டது எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, வரைபடத்தில் நகரும் கோடு. பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்திருப்பார்கள். வீடே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போன காலத்தில் கடிதம் வரும் வரை மௌனம் இயல்பாக இருந்தது. இப்போது ஒரு மணி நேரம் புள்ளி விழாவிட்டால் வீட்டில் உலை வைப்பதில்லை. கருவி அறைக்குள் கிடந்திருக்கலாம், மின்கலம் தீர்ந்திருக்கலாம். எனவே மௌனத்துக்கு என்ன பொருள் என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். காலை ஒரு செய்தி, மாலை ஒரு செய்தி. இரண்டும் தவறினால் யார், யாரைக் கூப்பிடுவது என்பது தாளில் இருக்க வேண்டும். இந்தியப் பகுதி என்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண், சென்னையில் உள்ள கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம். மலேசியா, இலங்கைக்கான எண்களையும் புறப்படும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

இடத்தைச் சொல்வதில் நடக்கும் பிழை மிக மோசமானது. தொண்டி ஏறத்தாழ 9 டிகிரி 44 நிமிட வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. தசமத்தில் அது 9.73. அவசரத்தில் ஒருவர் 44 நிமிடத்தை அப்படியே புள்ளிக்குப் பின்னால் போட்டு 9.44 என்று சொன்னால், தேடுபவர்கள் 17 கடல் மைலுக்கு மேல் தெற்கே, தேவிபட்டினத்துக்கு அப்பாலுள்ள கடலில் தேடிக்கொண்டிருப்பார்கள். 30 கிலோமீட்டருக்கு மேல் பிசகு! கருவி, ஜி.பி.எஸ்., வீட்டுத் தாள் எல்லாவற்றிலும் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லும்போது ‘டிகிரி’, ‘நிமிடம்’ என்ற சொற்களை விடாமல் சொல்லுங்கள்.

இந்தக் கருவி இருப்பதால் மற்றவை வேண்டாம் என்று நினைப்பதும் தவறுதான். ஈப்பர்ப் (EPIRB) என்பது ஆபத்தில் படகின் இடத்தை அறிவிக்கும் அவசர மிதவைக் கருவி. 406 மெகாஹெர்ட்ஸில் அது எழுப்பும் அபயக்குரல் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு மீட்பு ஏற்பாட்டின் செயற்கைக்கோள்கள் வழியாக நேராக அரசு மீட்பு மையங்களுக்குப் போகிறது. அதற்கு மாதச் சந்தா இல்லை. 48 மணி நேரம் தொடர்ந்து ஒலிபரப்பும். படகுகளும் கப்பல்களும் பேசிக்கொள்ளும் வி.எச்.எப். வானொலியின் 16ஆம் சேனலில், அதாவது அவசர அழைப்புக்கான சேனலில், பேசினாலோ பக்கத்தில் போகும் சரக்குக் கப்பலின் காதில் விழும். பெரும்பாலும் முதலில் வந்து சேரக்கூடியது அந்தக் கப்பல்தான். செயற்கைக்கோள் கருவியின் பலம் வேறு: ‘நீர் புகுகிறது, மூன்று பேர், காயம் இல்லை, பம்ப் ஓடுகிறது’ என்று நிலைமையை விளக்கலாம், பதிலும் வாங்கலாம். அதனால் பொத்தானை அழுத்திய பிறகு கருவியை அணைத்துவிடக் கூடாது. மையத்திலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கும்.

கருவி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். அறைக்குள் அலமாரியில் இருந்தால் வானம் தெரியாது, செய்தி போகாது. இரவில் தனியாகக் காவல் இருப்பவர் கடலில் விழுந்தால், படகில் இருக்கும் கருவி அவருக்கு உதவாது. உயிர்காப்பு மேலங்கியில் அது கயிற்றோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். சிறிய மாடல்கள் பல மிதப்பதில்லை. சார்ஜ் செய்யும் துளையில் உப்பு படிந்தால் பாதி வழியில் மின்னேற்றம் நின்றுவிடும். சந்தா நடப்பில் இருக்கிறதா என்பதைத் துறைமுகத்தில் ஒரு சாதாரணச் செய்தி அனுப்பிப் பார்த்தே உறுதி செய்யலாம். சோதனைக்காக எஸ்.ஓ.எஸ். பொத்தானைத் தொடவே கூடாது.

கடைசியாக, ஊருக்கு வரும்போது கருவியையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் பழக்கம். தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியையோ இத்தகைய கருவியையோ இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் பயன்படுத்துவதும் குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இதில் கெடுபிடி அதிகம். இன்ரீச் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் இந்திய விமான நிலையங்களில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். மலையேறுவதற்காக வாங்கியது என்ற விளக்கம் அவர்களைக் காப்பாற்றவில்லை. நம் கரையிலிருந்து மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இஸ்ரோ உருவாக்கிய அபாய எச்சரிக்கைக் கருவி சட்டப்படி இருக்கிறது. 2024இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறை, அழைப்பு கிடைத்தது என்று படகுக்குப் பதிலும் அனுப்புகிறது. இந்தியத் துறைமுகத்துக்குப் படகிலேயே வருபவர்கள் கப்பல் முகவரிடம் அனுமதி பற்றி முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பொங்கலுக்கோ திருமணத்துக்கோ திருச்சி விமானத்தில் வருபவர்கள் கருவியைப் படகிலேயே பூட்டி வைத்துவிட்டு வாருங்கள்.