பெஸ்டிஸ் என்றாலே பிளேக் அல்ல

லத்தீனில் ‘பெஸ்டிஸ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பலருக்கு எலியும் நெறிக்கட்டியும்தான் நினைவுக்கு வரும். யெர்சினியா பெஸ்டிஸ் என்ற பிளேக் கிருமியின் பெயரால் வந்த வினை அது. அந்தக் கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894-இல். சொல்லுக்கோ வயது இரண்டாயிரத்துக்கும் மேல். அழிவு, சாவு, கொள்ளைநோய், நாசகாரன் என்று இடத்துக்கு ஏற்பப் பொருள் மாறும்.

மொழிபெயர்க்கும்போது எங்கே பார்த்தாலும் ‘கொள்ளைநோய்’ என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு. கி.மு. 63-இல், ரோம் அரசைக் கவிழ்க்கச் சதி செய்த கேட்டிலைனுக்கு எதிராக ரோமானியப் பேச்சாளர் சிசரோ பேசிய முதல் உரையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு எதிராக நீ நெடுநாளாகச் சூழ்ச்சி செய்துவரும் பெஸ்டிஸ் உன் தலையிலேயே விடிந்திருக்க வேண்டும் என்கிறார் தொடக்கத்தில். நோயை யாரும் சதி செய்து தீட்டுவதில்லை. அங்கே பொருள் அழிவு. கொஞ்சம் தள்ளிப் போனால், இந்தக் கொடிய பெஸ்டிஸிடமிருந்து எத்தனையோ முறை தப்பினோம் என்கிறார். இப்போது பெஸ்டிஸ் கேட்டிலைனேதான். ‘பீடை ஒழிஞ்சுதுடா’ என்று நாம் ஆளைப் பார்த்துச் சொல்வோமே, அந்தத் தொனி. ஒரே உரை, ஒரே சொல், இரண்டு பொருள்.

ரோமானியக் கவிஞர் வெர்ஜிலிடம் இன்னும் கவனம் தேவை. அவருடைய ஈனியட் காவியத்தில் கார்த்தேஜ் அரசி டைடோ, வரப்போகும் பெஸ்டிஸுக்கு நேர்ந்துவிடப்பட்டவள். அவளுக்கு வந்தது காய்ச்சல் இல்லை, காதல். முடிவில் வாளால் தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். அதே காவியத்தில் ராம்னெஸ் என்பவன் பறவைகளை வைத்துச் சகுனம் சொல்லும் புள்நிமித்தத்தில் வல்லவன். அந்த நிமித்தத்தால் பெஸ்டிஸைத் தடுக்க முடியவில்லை என்று ஒரு வரி வருகிறது. தூக்கத்திலேயே வெட்டுப்பட்டுச் செத்தவனுக்குப் ‘பிளேக்’ என்று எழுதினால் எப்படி இருக்கும்?

பயிரையும் தானியத்தையும் கெடுக்கும் பூச்சி என்ற பொருள் பிற்கால ஆங்கிலத்தில் (‘பெஸ்ட்’) முளைத்தது என்று நினைப்பதும் சரியல்ல. உழவைப் பற்றிய ஜார்ஜிக்ஸ் என்ற கவிதை நூலில் களத்துமேட்டைப் பற்றிப் பேசும்போது, எலி, அகழெலி, தேரை, தானிய வண்டு, எறும்பு எல்லாவற்றையும் பெஸ்டிஸின் பன்மையான ‘பெஸ்டெஸ்’ என்பதில்தான் வெர்ஜில் அடக்குகிறார்.

இன்னொன்று வரலாறு எழுதுகிறவர்களுக்கு. ஒரு குறிப்பில் இந்தச் சொல் உண்மையாகவே தொற்றுநோயைக் குறித்தாலும், அது பிளேக் கிருமியால் வந்த நோய் என்று சொல்லாலேயே முடிவுகட்ட முடியாது. கி.பி. 165 வாக்கில் ரோமைத் தாக்கியது பெரியம்மையாக இருக்கலாம் என்றே பலர் கருதுகிறார்கள். 541-இல் தொடங்கிய, பேரரசர் ஜஸ்டினியன் காலத்து நோய் பிளேக்தான். ஜெர்மனியின் பவேரியாவில் கல்லறை எலும்புகளில் கிடைத்த டி.என்.ஏ. அதை உறுதிசெய்தது. தொற்றுநோய்க்கென்று ‘பெஸ்டிலென்டியா’ என்ற சொல்லும் உண்டு. உடம்புக்கு ஆகாத காற்றையும் இடத்தையும்கூட அது குறிக்கும்.

ஆங்கிலத்தின் ‘பிளேக்’ பெஸ்டிஸிலிருந்து வரவில்லை. அதன் மூலம் ‘பிளாகா’: அடி, காயம்.

கடைசியாக இலக்கணம். பெஸ்டிஸ் பெண்பால் சொல். அதன் எழுவாயும் ஆறாம் வேற்றுமையும் ஒரே வடிவம். யெர்சினியா பெஸ்டிஸில் இருப்பது ஆறாம் வேற்றுமை: ‘பிளேக்கின் யெர்சினியா’.