எக்ஸ்டர்னல் டிரைவில் சவுண்ட் லைப்ரரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி நெருங்கினால் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்காக வீட்டு அறையிலேயே அம்மன் பாட்டுக்கு டிராக் போடுகிறவர்கள் சேலத்தில் அம்மாபேட்டையிலும் உண்டு, சூரமங்கலத்திலும் உண்டு. கையில் இருப்பது பெரும்பாலும் 256 அல்லது 512 ஜிபி மடிக்கணினி. மேக்கில் இசையமைக்கும் மென்பொருளான லாஜிக் புரோவின் முழு ஒலித் தொகுப்பே 70 ஜிபியைத் தாண்டும். ஆம்னிஸ்பியர் என்ற சிந்தசைசர் மென்பொருளுக்கு இன்னொரு 60 ஜிபிக்கு மேல் வேண்டும். பதிவுசெய்த வாத்திய ஒலிகளை (சாம்பிள்) வாசிக்கும் கான்டாக்ட் மென்பொருளுக்கு இரண்டு ஸ்டிரிங்ஸ் (வயலின் வகை) லைப்ரரி வாங்கிவிட்டால் இடம் தீர்ந்தது. எக்ஸ்டர்னல் டிரைவுக்குப் போவது சரியான முடிவுதான். ஆனால் கல்யாண வீடியோவைப் போட்டு அலமாரியில் வைக்கும் டிரைவைப் போல அதை நடத்தக் கூடாது. நீங்கள் வாசிக்கும் ஒவ்வொரு நொடியும் கணினி அதிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான், விலை குறைவு என்று சுழலும் ஹார்ட் டிஸ்க் வாங்குவதை முதல் தவறாகச் சொல்கிறேன். கான்டாக்ட் பொதுவாக ஒரு கருவியின் எல்லா ஒலியையும் ரேமில் ஏற்றாது. ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தியதும் மிச்சத்தை டிஸ்கிலிருந்து இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலி ஒன்றுக்கு நொடிக்குச் சுமார் 0.3 எம்பி. நூறு வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சாம்பிள்) சேர்ந்து ஒலித்தாலும் 30 எம்பிக்குள்தான். ஹார்ட் டிஸ்க் 100 எம்பி படிக்குமே, அப்புறம் என்ன என்று தோன்றும். அந்த 100 எம்பி, ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம். இங்கே நூறு சாம்பிள்கள் டிஸ்கில் நூறு இடங்களில் கிடக்கின்றன. படிக்கும் முனை ஒவ்வோர் இடத்துக்கும் நகர 10 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. நொடிக்கு நூறு தாவல்கூட அதால் முடியாது.

நான்கு சுரத்தில் ஒரு ஸ்டிரிங்ஸ் கார்டு பிடித்து, லைப்ரரியில் தனித்தனியாகப் பதிவான மூன்று மைக்கையும் ஆன் செய்தால் அதுவே பன்னிரண்டு வாய்ஸ். லெகாட்டோ (சுரத்திலிருந்து சுரத்துக்கு இழையும் ஒலி), ரிலீஸ் (கட்டையை விட்டதும் வரும் ஒலி) சாம்பிள் எல்லாம் சேர்ந்தால் எண்ணிக்கை மளமளவென்று ஏறும். சுரம் பாதியில் அறுந்துபோகும், இடையிடையே 'டப்' என்று சத்தம் வரும். பலர் இதற்கு ஆடியோ இன்டர்ஃபேஸைக் குறை சொல்லி, புதிது வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு எஸ்எஸ்டி வாங்கலாம். அதில் நகரும் முனையே கிடையாது. நொடிக்கு 500 எம்பி படிக்கும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே இந்த வேலைக்குத் தாராளம். இப்போதைக்கு ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால், கான்டாக்டின் மெமரி அமைப்பில் ப்ரீலோட் பஃபரை (ரேமில் முன்கூட்டியே ஏற்றும் தொடக்கப் பகுதியின் அளவை) அதன் வழக்கமான 60 கேபியிலிருந்து கூட்டிப் பாருங்கள். எஸ்எஸ்டிக்கு மாறியபின் அதையே குறைத்து ரேமை மிச்சப்படுத்தலாம்.

நல்ல எஸ்எஸ்டி வாங்கி, போன் சார்ஜர் கேபிளில் மாட்டுவது அடுத்த தவறு. டைப்-சி முனை இருப்பதால் மட்டும் வேகம் வந்துவிடாது. சார்ஜ் கேபிள்கள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 வகை. அதில் நடைமுறையில் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டுவது கஷ்டம். டிரைவோடு வந்த கேபிளைத் தனியாக எடுத்து வையுங்கள்.

அதிகம் பேரைக் கலங்க வைப்பது வேறொன்று. லைப்ரரி ஃபோல்டரை இழுத்து டிரைவில் போட்டுவிட்டு, பழையதை அழித்துவிடுகிறார்கள். மென்பொருளுக்குத் தெரிந்தது பழைய முகவரி மட்டும்தான், அதனால் சாம்பிள்களைக் காணோம் என்கிறது. பதறி மறுபடி நிறுவும் பொத்தானை அழுத்தினால் எல்லாமே மீண்டும் டவுன்லோடு ஆகத் தொடங்கும். கான்டாக்ட் லைப்ரரிகளை நிர்வகிக்கும் நேட்டிவ் ஆக்சஸ் செயலியில் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும். லாஜிக்கில் 'ரீலொகேட் சவுண்ட் லைப்ரரி' என்றே மெனு இருக்கிறது. ஆம்னிஸ்பியருக்கு ஸ்டீம் என்ற ஃபோல்டரை நகர்த்தி, பழைய இடத்தில் ஒரு ஷார்ட்கட் வைக்க வேண்டும். பிளக்-இன்னையே (ஆம்னிஸ்பியர், கான்டாக்ட் போன்ற மென்பொருளை) டிரைவுக்கு மாற்ற வேண்டாம். நகர வேண்டியது சாம்பிள் மட்டும்.

முகவரி பிறகும் மாறாமல் இருக்க வேண்டும். விண்டோஸில் இன்று ஈ, நாளை எஃப் என்று டிரைவ் எழுத்து மாறும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எஸ் போல யாரும் பயன்படுத்தாத எழுத்தை ஒதுக்கிவிடுங்கள். மேக்கில் டிரைவின் பெயரை மாற்றாதீர்கள். எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் சில நேரம் பழைய பெயர் உள்ளேயே தங்கிவிடும். அடுத்த முறை அதே டிரைவ் பின்னால் 1 சேர்ந்த பெயரில் ஏறும், பாதைகள் எல்லாம் உடையும். கணினியை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். டிரைவை மாட்டிய பிறகே மென்பொருளைத் திறப்பதும் நல்ல பழக்கம்.

விண்டோஸ், மேக் இரண்டுக்கும் ஆகும் என்று எல்லோரும் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்கிறார்கள். அதில் ஜர்னலிங் (செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பாதுகாப்பு) இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று, யுபிஎஸ் இல்லாத கணினியில் லைப்ரரி இறங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபோல்டர் அமைப்பே கெட்டுப்போகலாம். மேக் மட்டும் என்றால் ஏபிஎஃப்எஸ், விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். என்டிஎஃப்எஸ் டிரைவை மேக் படிக்கும், எழுதாது.

சேலத்து மே மாத வெயிலில் சிறிய என்விஎம்இ (அதிவேக எஸ்எஸ்டி வகை) டிரைவை மெத்தை மேலோ மடிக்கணினிக்கு அடியிலோ வைக்காதீர்கள். சூடேறினால் அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்காட்டில் தங்கி இசையமைக்கப் போகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான பிரச்சினை: பனியும் ஈரமும். சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் கொண்டுபோங்கள். குளிரிலிருந்து இறங்கி வந்ததும் மாட்டாமல், டிரைவ் அறை வெப்பத்துக்கு வரும்வரை அரைமணி நேரம் விட்டுவிடுங்கள்.

கடையில் வாங்கிய லைப்ரரி போனால் கணக்கில் உள்நுழைந்து மறுபடி இறக்கலாம். நம்மூர் நாதஸ்வரக் கலைஞரை உட்கார வைத்து சுரம் சுரமாகப் பதிவுசெய்து நீங்களே உருவாக்கிய சாம்பிளுக்கு அந்த வழி இல்லை. அதற்கு மட்டுமாவது இன்னொரு டிரைவில் ஒரு நகல், வேறொரு வீட்டில் ஒரு நகல் வைத்துவிடுங்கள். வேகம் தேவைப்படாத அந்த வேலைக்குப் பழைய ஹார்ட் டிஸ்க் தாராளமாக உதவும்.